மேபல் அக்காவின் மூன்றாவது பனல்

கொழும்பின் கொட்டாஞ்சேனையில் மேபல் அக்காவைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், அவர் நேற்றுத்தான் கப்பலால் இறங்கியிருக்க வேண்டும். கோவில் அலுவலகமான கந்தோரின் பச்சைக் கதவைத் திறந்தால் இடது பக்கத்து மேசையில் அவள் இருப்பாள். ஞானஸ்நானச் சான்றிதழ் எடுப்பதென்றாலும் சரி, பூசை ஒப்புக்கொடுப்பதென்றாலும் சரி, புது வீட்டை மந்திரிக்கப் பாதரைக் கூப்பிடுவதென்றாலும் சரி, முதலில் மேபலைத் தாண்ட வேண்டும். தாண்டுவது லேசு. வந்தவரை இருத்தி, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் என்ன விசயம் என்றே கேட்பாள்.

படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும். தகப்பன் துறைமுகத்தில் மூட்டை இறக்கினவர். தாய் படுக்கையில் விழுந்தபோது, அடுத்தடுத்துப் பிறந்த நான்கு பேருக்கும் சோறு வடிக்க வீட்டில் வேறு ஆள் இல்லை. மேபலின் புத்தகப் பை பாண் வாங்கும் பையாகிவிட்டது. அந்த நான்கு பேரும் வளர்ந்து ஆளுக்கொரு திசையாய்ப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்தைந்து. பேசி வந்த கலியாணங்களில் இரண்டு தட்டிப்போயின. மூன்றாவதை அவளே வேண்டாம் என்றாள். பீடத்துத் துணிகளுக்குக் கஞ்சி போடக் கோவிலுக்கு வந்து போனவளை, 'பதிவுப் புத்தகத்தைப் பாராமலே யாருக்கு யார் ஞானத்தாய் என்று சொல்லுகிறாளே' என்று ஒரு சுவாமியார் கந்தோருக்குள் இருத்தினார். அன்றைக்கு இருந்தவள்தான். இந்தக் கதை நடந்த இரண்டாயிரமாம் ஆண்டில் அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது.

கையில் இருந்த வேலைகளுக்குள் அவள் பெரிதாக மதித்தது பூசைக் கருத்துக் கொப்பியை. பூசையில் யார் யாருக்காக மன்றாட வேண்டும் என்று சனங்கள் வந்து சொல்லும் பெயர்களை அதில் எழுதுவாள். இடது பக்கம் உயிரோடிருப்போர்: பிறந்தநாள்காரர், சோதனை எழுதும் பிள்ளைகள், சத்திரசிகிச்சைக்குப் போனவர்கள், விசாவுக்குக் காத்திருப்பவர்கள். வலது பக்கம் மரித்தோர். இந்த இரண்டு பக்கத்திலும் சேராத சில பெயர்களும் யுத்தம் நடந்த அந்த நாட்களில் வந்தன. பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள், வேலைக்கென்று போய்த் திரும்பாதவர்கள், இருக்கிறார்களா இல்லையா என்று பெற்றவளுக்கே தெரியாதவர்கள். அந்தப் பெயர்களை மேபல் கொப்பியைத் திருப்பி வைத்து ஓரத்தில் குறுக்கே எழுதுவாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. இடது பக்கம் எழுதப் போனால் கை கூசியது, வலது பக்கம் எழுதப் போனால் நெஞ்சு கூசியது, ஆகவே குறுக்கே. பாதரும் அவற்றை வாசிக்கக் கொப்பியைத் திருப்ப வேண்டும். அந்தத் திருப்பலில் கோவிலுக்குள் ஒரு மூச்சு விடும் நேரம் கிடைக்கும்.

குறுக்கே எழுதின அந்தப் பெயர்கள்தான் வினையாகின. ஆனி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை ஆமியும் பொலிசும் பகுதி முழுவதையும் சுற்றி வளைத்து வீடு வீடாகத் தேடினார்கள். கோவில் கந்தோருக்கும் வந்தார்கள். வந்த அதிகாரி மரியாதையான மனுசன். சப்பாத்தைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். கொப்பியைப் புரட்டி, "மே மொனவத?", இதெல்லாம் என்ன, என்று சிங்களத்தில் கேட்டார். இது செபம் என்று மேபல் தனக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்தில் சொன்னாள். செபமென்றால் இதுகள் மட்டும் ஏன் குறுக்கே என்று அவர் கேட்டார். அதற்குச் சொல்ல அவளுக்குத் தமிழிலேயே பதில் இருக்கவில்லை. பார்த்துவிட்டுத் தருகிறோம் என்று கொண்டுபோனார்கள். கொப்பி இன்றுவரை வரவில்லை.

அதன்பிறகு பங்குத் தந்தை பீற்றர் அடிகளார் ஒரு கட்டளை போட்டார். இனிமேல் கையால் எழுதுவது கிடையாது. எல்லாம் அச்சில் வரவேண்டும். தலைப்புகள் சிங்களம், தமிழ், இங்கிலீசு மூன்றிலும் இருக்கவேண்டும். யார் எடுத்துப் பார்த்தாலும் இன்னதென்று விளங்கவேண்டும். தலைப்பில்லாமல் ஒரு பெயரும் தாளில் இருக்கக்கூடாது. இப்படித்தான் கோவில் கந்தோருக்குக் கம்பியூட்டர் வந்தது. பின்னாலேயே றேமண்ட் வந்தான்.

றேமண்ட் வெள்ளவத்தையில் ஒரு கம்பியூட்டர் வகுப்பில் படிப்பிக்கிறவன். நாற்பது வயது, முன்வழுக்கை, கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேட்டில் துடைப்பான். தாயின் இடுப்பு முறிவு சுகமானதற்கு நேர்த்தியாக, காசு வாங்காமல் சனிக்கிழமைகளில் வந்து செய்துதருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்தான். கம்பியூட்டர் வேலையைப் பதிந்த பிளொப்பிகளைச் சவர்க்காரப் பெட்டியொன்றில், சோப்பு வந்த வெறும் பெட்டியில், அடுக்கிக்கொண்டு வருவான். வழியில் உள்ள ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டி, இது சவர்க்காரமில்லை, வேறொன்றுமில்லை என்று விளங்கப்படுத்திவிட்டு வந்து சேரும்போது அவனுக்குப் பாதி உயிர் போயிருக்கும்.

மேபல் கம்பியூட்டரைக் கண்டு பயப்படவில்லை. அதைப் போட்டுவிட்டு, அது கண் திறக்கும்வரை செபமாலையை எடுப்பாள். சரியாக ஏழு அருள் நிறைந்த மரியே சொல்லி முடிய அது ஆயத்தமாகும். இரண்டு விரலால் தட்டுவாள். றேமண்ட் செய்து கொடுத்ததை அவன் வின்டோ என்றான். அவள் யன்னல் என்றாள். அந்த யன்னலுக்குள் உயிரோடிருப்போர் என்று ஒரு தலைப்பு, அதற்கு ஒரு பட்டியல். மரித்தோர் என்று ஒரு தலைப்பு, அதற்கு ஒரு பட்டியல். பெயர்களைத் தட்டி, கீழே உள்ள பொத்தானை அமர்த்தினால், யன்னலில் தெரிகிறது தெரிகிறபடியே தாளில் வரும். குறுக்கே எழுத மட்டும் இடமில்லை. வேறு வழி தெரியாமல் அந்தப் பெயர்களை அவள் உயிரோடிருப்போர் பட்டியலின் அடியில் சேர்த்தாள். மரித்தோரோடு சேர்ப்பதைவிட இது மேல் என்று நினைத்தாள்.

ஐப்பசி முதலாந்தேதி, அதாவது ஒக்டோபர் ஒன்று, ஞாயிறு; றேமண்ட் தலைப்புகளை மூன்று பாசையிலும் நீட்டிப்போட்டபிறகு வந்த முதல் ஞாயிறு. காலைப் பூசையில் அடிகளார் தாளைக் கையில் எடுத்தார். உயிரோடிருப்போருக்காக என்றார், பிறகு கொஞ்சம் தடுமாறினார். மரித்தோருக்காக என்று அடுத்ததை வாசித்து, பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். முதற் பெயர் றோஸி. களுபோவிலை ஆஸ்பத்திரியில் பித்தப்பையை எடுத்துவிட்டு வந்து, மூன்றாவது வாங்குப் பலகையில் குந்தியிருந்த றோஸி. தன் பெயரைக் கேட்டதும் பழக்கதோசத்தில் நெற்றியில் சிலுவை போட்டு, அவளுக்கு நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும் ஆண்டவரே என்று எல்லாரோடும் சேர்ந்து பாதிவரை சொல்லிவிட்டாள். பிறகுதான் விளங்கியது.

பூசை முடிந்து கந்தோர் வாசலில் வந்து நின்று சொன்னாள்: "மேபல், செத்துப்போனதை எனக்கும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. சீலையாவது நல்லதா உடுத்துக்கொண்டு வந்திருப்பன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேபலுக்குச் சிரிப்பு வரவில்லை. தாளை எடுத்துப் பார்த்தாள். உயிரோடிருப்போர் என்ற தலைப்பு முதல் வரியில் தனியே நின்றது. அதற்குரிய பெயர்கள் இரண்டாம் வரிக்கு இறங்கி, மரித்தோர் என்ற தலைப்போடு தோள் உரசிக்கொண்டு நின்றன. உண்மையாகவே மரித்தவர்கள் எல்லாருக்கும் கீழே, தலைப்பில்லாமல் கிடந்தார்கள். றோஸிக்கு நடந்ததைச் சிரித்துத் தள்ளலாம். அதே பட்டியலின் அடியில் இராமரின் பெயரும் இருந்ததே.

இராமர் வெள்ளையம்மாவின் மகன். வெள்ளவத்தையில் சாப்பாட்டுக் கடையொன்றில் வேலை செய்தவன், இருபத்துநான்கு வயது. இரண்டு வருசத்துக்கு முன் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் வைத்து வான் வண்டியொன்றில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. வெள்ளையம்மா மலையகத்துத் தேயிலைத் தோட்டத்துப் பக்கமிருந்து பிழைப்புக்கு வந்து தெமட்டகொடையில் குடியிருப்பவள். திருநீறு பூசிய நெற்றியோடு செவ்வாய்தோறும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்த வருவாள், ஞாயிறில் மகன் பெயரைப் படிக்கும்வரை பின் தூணோடு சாய்ந்து நிற்பாள். எழுத்து வாசிக்கத் தெரியாது. காதுதான் அவளுக்குக் கொப்பி. அன்றைக்கு அவள் தூணடியில் இருந்தாள். பூசை முடிய முதலே போய்விட்டாள் என்று கேட்டதும் மேபல் குடையை எடுத்தாள்.

தெமட்டகொடையில் ரயில் பாதையோரத்து வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் நிலத்தில் இருந்தார்கள். இராமரின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. யாரோ பிளாஸ்டிக் மாலையொன்று வாங்கி வந்து கொடுத்திருந்தார்கள். வெள்ளையம்மா அதைப் படத்துக்குப் போடாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மேபல் அவள் பக்கத்தில் இருந்து, ஒரு தகவலும் வரவில்லை, கம்பியூட்டரில் பெயர்கள் இடம் மாறி விழுந்துவிட்டன, பாதர் அதைப் பார்த்து வாசித்துவிட்டார் என்று மூன்று தரம் சொன்னாள். வெள்ளையம்மா மூன்று தரமும் தலையாட்டினாள்.

"சாமியாரு தெரியாம படிச்சாரு. சரிங்கம்மா," என்றாள். "அப்ப அந்த மெசினுக்கு யாரு சொன்னா?"

மேபல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கார்த்திகை, அதாவது நவம்பர், இரண்டாந்தேதி மரித்த ஆத்துமாக்களின் திருநாள் வருகிறது, அன்றைக்கு எல்லாப் பெயரும் வாசிக்கப்படும், வந்து கேள், உன் மகன் மரித்தவர்களோடு வரமாட்டான் என்று வாக்குக் கொடுத்தாள். வெள்ளையம்மா மாலையை மடித்து ஒரு சொப்பிங் பையில் வைத்தாள்.

"வந்து கேக்குறேன். அன்னைக்கும் செத்தவங்களோட வந்துச்சுன்னா, இத போட்டுருவேன். என்னால இப்படியும் அப்படியுமா இருக்க முடியலம்மா."

அடுத்த நாளே மேபல் அடிகளாரிடம் போய், அந்தப் பெயர்களுக்குத் தனி இடம் வேண்டும் என்றாள். அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். உயிரோடிருப்போரிலேயே கிடக்கட்டும் என்றும் அவரால் சொல்ல முடியவில்லை; போன கிழமை அறிவித்தல் பலகையில் தாளைப் பார்த்த ஓர் அதிகாரி, இந்தப் பெயரை முன்பு வேறு எங்கோ பார்த்தேனே, இவர் உயிரோடிருந்தால் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்திருக்கிறார். காணாமற் போனோர் என்று மூன்று பாசையில் தலைப்புப் போட்டால் கோவிலையே தூக்கிக்கொண்டு போவார்கள்.

கடைசியில், "எந்தப் பெயர் எந்த இடத்தில இருக்கவேணுமெண்டு ஆண்டவருக்குத் தெரியும், மேபல்," என்றார்.

"ஆண்டவருக்குத் தெரியும் பாதர். வெள்ளையம்மாவுக்குத் தெரியாது," என்றாள் மேபல். பதினைந்து வருசத்தில் அவள் ஒரு சுவாமியாருக்கு எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். சொன்ன கையோடு சிற்றாலயத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள்; ஆண்டவரிடம், அடிகளாரிடம் அல்ல.

திருநாளுக்கு நான்கு சனிக்கிழமைகள் இருந்தன.

முதலாம் சனி, றேமண்ட் சவர்க்காரப் பெட்டியோடு வந்ததும் வராததுமாக மேபல் தாளை முகத்துக்கு நேரே நீட்டினாள். அவன் பார்த்தான், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். வெள்ளவத்தையில் வகுப்புக் கம்பியூட்டரின் திரை பெரிது, அங்கே எல்லாம் ஒரே வரியில் வடிவாக நின்றது என்றான். இங்கே திரை சின்னன், தலைப்புகளும் நீண்டுவிட்டன, வரி நிரம்பினதும் மிச்சம் அடுத்த வரிக்கு இறங்கிவிட்டது.

"நான் ஒரு இடத்தில வைச்சால் அது அந்த இடத்தில இருக்கவேணும் தம்பி. கோவிலில வாங்கு நடக்கிறதே?"

"நான் இடம் குறிச்சு வைக்கிறதில்லை அக்கா. லேஅவுட் மனேஜர் எண்டு ஒண்டு இருக்கு. நான் சாமானைக் குடுப்பன். ஆர் எங்க நிக்கிறது, எவ்வளவு இடம் எண்டு அதுதான் முடிவெடுக்கும்."

"அப்ப அந்த மனேஜரை இஞ்ச கூப்பிடும். நான் கதைக்கிறன்."

மனேஜர்கள் பல வகை என்று அவன் பொறுமையாகச் சொன்னான். இதுவரை போட்டது, பஸ் வரிசை மாதிரி வந்தவரை ஒருவருக்குப் பக்கத்தில் ஒருவராக நிறுத்துகிற மனேஜர். இனி வேறொருவரைப் போடலாம். அவருக்கு வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, நடு என்று ஐந்தே இடங்கள். யன்னல் சுருங்கினாலும் விரிந்தாலும் அவரவர் தன் திசையில்தான் நிற்பார். மேபலுக்கு அது பிடித்திருந்தது. திகதி வடக்கே, பொத்தான் தெற்கே, உயிரோடிருப்போர் மேற்கே, மரித்தோர் கிழக்கே, மற்றவர்கள் நடுவே என்று அவளே பங்கிட்டாள். றேமண்ட் பின்னேரம்வரை தட்டினான். பொத்தான் வாங்குப் பலகை மாதிரி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை நீண்டு போனது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நடுவில் ஒரு தற்காலிகத் தலைப்பையும் பட்டியலையும் வைத்தால் பட்டியல் மட்டும் தெரிந்தது. தலைப்பு போன இடம் தெரியவில்லை. ஓரிடத்தில் ஒன்றுதான் நிற்கலாமாம். இரண்டாவதாக வந்தது முன்னதை மூடிவிடுமாம். மேற்கிலும் கிழக்கிலும் அதே கதை. தலைப்பே இல்லாமல் மூன்று பட்டியல்.

"இது முந்தினதைவிட மோசம்," என்றாள் மேபல், தேத்தண்ணீரை அவன் கையில் கொடுத்தபடியே.

இரண்டாம் சனி அவன் கட்டம் கட்டமாகப் பிரிக்கிற மனேஜரோடு வந்தான். மூன்று நிரல், இரண்டு வரி, மேலே தலைப்புகள், கீழே பட்டியல்கள். இனி ஒன்றை ஒன்று மூடாது என்று சத்தியம் பண்ணாத குறை. மூடவில்லைத்தான். ஆனால் அந்த மனேஜர் எல்லாருக்கும் ஒரே அளவு இடம் கொடுக்கிற நீதிமான். தலைப்புக்குக் கிடைத்த இடமும் பட்டியலுக்குக் கிடைத்த இடமும் ஒன்று. தாளின் மேல் பாதியில் மூன்று தலைப்புகள் கலியாண மண்டபத்தில் தனியாக மாட்டிக்கொண்ட மூன்று பேர் மாதிரி நின்றன. கீழ்ப் பாதியில் நாற்பது மரித்தோரை அடைக்க வேண்டியிருந்ததில் பதினாறு பேர் தாளுக்கு வெளியே போய்விட்டார்கள். போன பதினாறு பேரில் அடிகளாரின் சொந்தத் தாயும் ஒருவர்.

றேமண்ட் அன்றைக்கு இரண்டு தரம் கண்ணாடியைத் துடைத்தான். நேர்த்திக்கென்று மெழுகுதிரி வாங்கி வைத்திருக்கலாம், இதற்குள் தலையைக் கொடுத்தது தன் பிழை என்று முணுமுணுத்தான். மேபல் கேளாதது போல இருந்தாள். அன்றிரவு படுக்கையில் செபமாலை மூன்றாம் தேவ இரகசியத்திலேயே நின்றுவிட்டது. அவளுக்கும் ஆத்திரம்தான். ஆத்திரப்படுவதற்கு ஒரு முகம் கிடைக்காத ஆத்திரம். றேமண்ட் பாவம். பாதர் பாவம். மனேஜருக்கோ முகமே கிடையாது.

மூன்றாம் சனி றேமண்ட் வரவேயில்லை. எங்கேயோ ஏதோ நடந்து, வீதிகளை மூடி, பஸ்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேபல் ஐந்து மணிவரை கந்தோரைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த நீட்டுப் பொத்தானைப் பார்த்தபடி இருந்தாள்.

இடையில் ஒரு செவ்வாய், மெழுகுதிரி கொளுத்த வந்த வெள்ளையம்மாவை அவள் கந்தோருக்குள் கூப்பிட்டாள். மூன்றாவது பட்டியலுக்குத் தலைப்பு ஒன்று கண்டுபிடித்திருந்தாள்: பிரயாணம் செய்வோர். பூசையில் பிரயாணிகளுக்காக மன்றாடுவது வழக்கம்தானே. கனடாவுக்கும் இத்தாலிக்கும் போகிற பிள்ளைகளோடு இராமரின் பெயரும் வந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அடிகளாருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டிருந்தது. ஆனாலும் பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போட மேபலுக்கு மனம் வரவில்லை.

வெள்ளையம்மா முழுவதையும் கேட்டாள்.

"அவன் எங்கயும் போகலீங்கம்மா," என்றாள். "கூட்டிக்கிட்டுப் போனாங்க."

அவ்வளவுதான். பிரயாணம் செய்வோர் அன்றோடு போயிற்று. மேபல் போய் அந்த வார்த்தையை அப்படியே அடிகளாரிடம் சொன்னாள். அவர் நெடுநேரம் யன்னலுக்கு வெளியே, உண்மையான யன்னலுக்கு வெளியே, பார்த்துக்கொண்டு நின்றார். தலைப்பில்லாமல் விட்டுவிடு, யாரும் வந்து கேட்டால் நான் பதில் சொல்லுகிறேன் என்றார். என்ன பதில் என்று அவள் கேட்கவில்லை.

நாலாம் சனி, திருநாளுக்கு ஐந்து நாள் இருக்க, றேமண்ட் மத்தியானம் வந்து சேர்ந்தான். மூன்று சாவடி, மூன்றாவதில் பிளொப்பியின் உள்ளே என்ன இருக்கிறது, பிரித்துக் காட்டு என்றார்களாம். ஒன்றைப் பிரித்தே காட்டினானாம். ஆனால் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. பஸ்ஸில் வரும்போது யோசித்தேன், பிழை மனேஜரில் இல்லை, எல்லாருக்கும் ஒரே மனேஜரை வைத்ததில்தான் என்றான். இப்போது ஒவ்வொரு தலைப்பையும் அதன் பட்டியலையும் தனித்தனிப் பலகையில், அவன் பாசையில் பனலில், ஒன்றாக வைக்கிறான். அந்தப் பனலுக்கு அதன் சொந்த மனேஜர்: தலைப்பு வடக்கே ஒட்டிக்கொண்டிருக்கும், மிச்சமெல்லாம் பட்டியலுக்கு. இப்படி மூன்று பனல். மூன்றையும் பக்கம் பக்கமாக நிறுத்த வெளியே ஒரு கட்டக்கார மனேஜர். அந்த முழுவதையும் தூக்கி யன்னலின் நடுவில் வைத்தால், உள்ளே உள்ளதை வெளியே உள்ளவர் தொடமாட்டார். பொத்தானையும் ஒரு குட்டிப் பனலில் அடைத்துத் தெற்கே வைத்தால் அதுவும் அடங்கிப்போகும்.

மேபல் நாற்பது வருசமாகத் திருநாள் சோறு கட்டிக் கொடுக்கிறவள். "ஒவ்வொரு கறியையும் தனித்தனி இலையில சுத்திப்போட்டுப் பார்சலுக்குள்ள வைக்கிறது மாதிரி," என்றாள். "இல்லாட்டி மாசிச் சம்பல் பலகாரத்துக்குள்ள போயிடும்."

"அதேதான் அக்கா."

"இதை முதலாம் சனியே செய்திருக்கலாமே தம்பி."

அவன் கண்ணாடியைத் துடைத்தான்.

நான்கு மணிக்கு யன்னல் திறந்தது. இடது பக்கம் உயிரோடிருப்போர், தலைப்பு தலையில், பெயர்கள் காலடியில். வலது பக்கம் மரித்தோர், அப்படியே. றேமண்ட் கம்பியூட்டர் எலியைப் பிடித்து யன்னலைச் சுருக்கினான், விரித்தான், ஒரு மூலைக்குள் ஒடுக்கினான். தலைப்பும் பெயர்களும் பிரியவில்லை. மேபல் சிலுவை போட்டுக்கொண்டு நடுப் பனலைப் பார்த்தாள். போட்ட கை நெற்றியிலேயே நின்றது.

நடுவில் தலைப்பு இல்லை என்றபடியால், தலைப்புக்கு உரிய இடமும் இல்லாமற் போயிருந்தது. பெயர்கள் எகிறி மேலே போய், இரண்டு பக்கத்துத் தலைப்புகளின் வரியிலேயே நின்றன. நேராக வாசித்தால், உயிரோடிருப்போர், இராமர், மரித்தோர் என்று ஒரே மூச்சில் வரும். அடிகளார் பீடத்தில் எப்படி வாசிப்பார் என்பது அவளுக்குத் தெரியும்; தாளில் எது முன்னால் நிற்கிறதோ அதை.

"ஒண்டும் எழுதாட்டி மனேஜர் இடம் தரமாட்டுது அக்கா. அதுக்கு, ஒண்டுமில்லையெண்டால் ஒண்டுமில்லைதான்."

"அந்தப் பெயர்களை இறக்கி வையும்."

"நான் இறக்கேலாது. இறக்குறது மனேஜர்."

மேபல் வாழ்க்கையில் இரண்டாம் தரம் குரலை உயர்த்தினாள். பஸ்ஸிலே போகிறவன் சீற்றில் துவாயைப் போட்டுவிட்டு இறங்கினாலும் அந்த இடத்தை விட்டுவைக்கிறார்கள், உம்முடைய மனேஜருக்கு அந்த அறிவும் இல்லையா என்று கேட்டாள். கேட்டுவிட்டு, பாவம், சாப்பிட்டீரோ என்றும் கேட்டாள்.

றேமண்ட் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தான். தலைப்பு எழுதும் இடத்துக்குப் போனான். பெருவிரலால் அந்த நீட்டுக் கட்டையை, எழுத்து வராமல் வெறும் இடைவெளி மட்டும் விடுகிற கட்டையை, ஒரு தரம் தட்டினான். யன்னலை மூடித் திறந்தான். நடுப் பெயர்கள் ஒரு வரி கீழே இறங்கி, மற்ற இரண்டு பட்டியலோடும் தோளுக்குத் தோள் நின்றன. அவற்றின் தலைக்கு மேல் ஒரு வெறும் வரி இருந்தது. மனேஜருக்கு அது ஒரு தலைப்பு. பார்க்கிற கண்ணுக்கு ஒன்றுமில்லை.

மேபல் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். "ஒரு மாசமா அலைஞ்சது இந்த ஒரு தட்டுக்கே?" என்றாள்.

"ஓம் அக்கா," என்றான் றேமண்ட். இருவரும் கந்தோர் வாசலில் இருந்து, மீன் பணிசும் தேத்தண்ணீரும் முடித்தார்கள்.

திருநாளன்று பின்னேரப் பூசைக்கு முன், அடிகளார் தாளோடு பீடத்துப் பின்னறையான சாக்கிறீஸ்துவில் நின்று, இந்த நடு இடத்தில் நான் என்ன வாசிப்பது என்று கேட்டார். ஒன்றும் வாசிக்க வேண்டாம் பாதர், ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுகிற நேரம் பேசாமல் நில்லுங்கள், பிறகு பெயர்களைச் சொல்லுங்கள், முடிந்ததும் அதேபோல இன்னொன்று என்று மேபல் சொன்னாள். முன்பு கொப்பியைத் திருப்பின நேரம் அவ்வளவுதான் இருந்தது.

கோவில் நிரம்பியிருந்தது. வெள்ளையம்மா பின் தூணடியில் நின்றாள். கையில் அந்தச் சொப்பிங் பை. மேபல் பாடற்குழுவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பீடத்தைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்தாள். அடிகளார் உயிரோடிருப்போரை வாசித்து முடித்தார். நிறுத்தினார். சனம் இருமியது, ஒரு குழந்தை அழுதது, றோஸி திரும்பி மேபலைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அடிகளார் பதினொரு பெயர்களை வாசித்தார். முதலாவது இராமர். மறுபடியும் நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் மரித்தோருக்காக என்றார். நித்திய இளைப்பாற்றி என்று சனம் சொல்லத் தொடங்கியபோது, வெள்ளையம்மா பையை மற்றக் கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்றாள். நாற்பது பெயரும் முடியும்வரை ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

பூசை முடிந்து அவள் கந்தோருக்கு வந்தாள். மேபல் அவளை இருத்தித் தண்ணீர் கொடுத்தாள். வெள்ளையம்மா பையை மேசையில் வைத்தாள்.

"இத இங்கயே வச்சுக்குங்கம்மா. வீட்ல இருந்தா கண்ணு அங்கயே போகுது."

மேபல் வாங்கி, பழைய திறப்புகள் கிடந்த மேசை இலாச்சியில் வைத்துப் பூட்டினாள். இனி நன்றி என்று ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தாள் என்றால் அது பொய்யில்லை. வெள்ளையம்மா தண்ணீரைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்தாள்.

"சாமியாரு வெரசா படிக்கிறாரு," என்றாள். "எம் புள்ள பேர படிச்சதும் அடுத்த பேரு வந்து இடிக்குது. கொஞ்சம் எடம் விட்டுப் படிக்கச் சொல்லுங்க. அந்த மெசினுல எடம் இருக்குமில்ல?"

மேபல் ஒரு பெருமூச்சு விட்டாள். றேமண்டை மறுபடி கூப்பிட வேண்டும். அவன் கண்ணாடியைத் துடைப்பான், ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் இடைவெளி விடுவதற்கு எந்த மனேஜர் என்று மூன்று சனிக்கிழமை யோசிப்பான், சாவடியில் சவர்க்காரப் பெட்டியைத் திறந்து காட்டுவான்.

"பாப்பம்," என்றாள். வரும் ஞாயிற்றுக்கும் இராமரின் பெயரைப் பதிந்துவிட்டே இவளை அனுப்பலாம் என்று கம்பியூட்டரைப் போட்டாள். அது கண் திறக்கும்வரை செபமாலையைக் கையில் எடுத்தாள்.

முன்னால் இருந்த கதிரையில் வெள்ளையம்மா எழும்பாமல் இருந்தாள். மகனின் பெயரைத் தன் கண்ணுக்கு முன்னால் தட்டுகிறவரை அவள் போகப்போவதில்லை.